நகக் கண்ணில் மஞ்சள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஐந்தாம் வகுப்புக்குச் சுகாதாரப் பாடம் எடுத்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள் என்றாய். விடாமல் என்ன செய்வார்கள்? கை கழுவு, நகம் வெட்டு என்பதெல்லாம் ஒன்றாம் வகுப்பிலிருந்து கேட்டுப் புளித்த பாட்டு. பத்து வயதுக்குச் சொன்னால் ஏறாது, காட்ட வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் திங்கட்கிழமை பிரேயரில் நகம் பார்த்தவள்தான். ஒருநாள் அழுக்குப் பாவாடையோடு வந்த பெண்ணை எல்லார் முன்னும் நிற்க வைத்தேன். மூன்று நாள் அவள் வரவில்லை. வீட்டுக்குத் தேடிப் போனேன். அந்தத் தெருக் குழாயில் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீராம். அவள் அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. குடத்தைச் சாய்த்து, டம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு வந்ததோடு நகம் பார்ப்பதை விட்டேன்.

அப்புறம்தான் மஞ்சள். தேங்காயெண்ணெயில் மஞ்சள் தூளைக் குழைத்து எல்லார் கையிலும் தடவிவிடு. பாதிப் பேர் வெறும் தண்ணீரில் கழுவட்டும், மீதிப் பேர் சோப்புப் போட்டு இருபது எண்ணும்வரை தேய்க்கட்டும். கையை நீட்டினால், விரல் இடுக்கிலும் நகக் கண்ணிலும் மஞ்சள் அப்படியே நிற்கும், சோப்புப் போட்டவர்களிலும் சிலருக்கு. "அந்த இடத்தில்தான் புழு முட்டையும் ஒட்டியிருக்கும்" என்று மட்டும் சொல். குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளில் அது உனக்குக் கைகொடுக்கும். 400 மில்லிகிராம் அல்பெண்டசோல், மென்று தின்ன வேண்டிய மாத்திரை. அதை நாக்குக்கடியில் ஒளித்துப் போய் வேலியோரம் துப்புகிற கில்லாடிகள் எல்லா ஊரிலும் உண்டு. மஞ்சள் பார்த்த வகுப்பில் எனக்கு அந்தத் தொல்லை குறைந்தது.

மழைக்காலம் வந்ததும் ஆட்டுக்கல் குழியிலோ பழைய டயரிலோ தேங்கிய தண்ணீரைக் கொசுப்புழுவோடு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வை. வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டிவிடு, இல்லாவிட்டால் வகுப்புக்கே கடி. புழுக்கள் தலைகீழாகத் தொங்கும். பாட்டிலைத் தட்டினால் நெளிந்து அடிக்கு ஓடும். தினமும் ஒருவரை வரையச் சொல். ஒரு வாரம் பத்து நாளில் துணிக்கடியில் கொசு உட்கார்ந்திருக்கும். கால்களில் வெள்ளை வரி இருந்தால் டெங்கு பரப்புகிற இனமாக இருக்கலாம், அது பகலில் கடிப்பது. வீட்டுத் தொட்டியை வாரம் ஒருமுறை ஏன் கவிழ்த்துத் தேய்க்க வேண்டும் என்று அதற்கப்புறம் நீ சொல்லவே வேண்டாம், அவர்களே போய் அம்மாவிடம் சண்டை போடுவார்கள்.

இன்னொன்று. மாதவிடாய் பற்றிப் பேசுவதை 'பெரிய வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிவிடாதே. சிலருக்குப் பத்து வயதிலேயே வந்துவிடுகிறது. என் வகுப்பில் ஒருத்தி, உள்ளே ஏதோ கிழிந்துவிட்டது, சாகப்போகிறேன் என்று நினைத்து மணி அடித்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். முன்கூட்டியே சொல்லிவிடு. பையன்களுக்கும் சொல், கேலி பாதியாகக் குறையும். அலமாரியில் ஒரு பாக்கெட் நாப்கின் இருக்கட்டும், சாவி எங்கே என்று பெண் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைத் துவைத்து வைத்திருக்கிறேன், பாட்டில் வாய்க்குக் கட்டத் தோதான மெல்லிசு. அடுத்த வாரம் ஊருக்கு வரும்போது எடுத்துப் போ. அவருக்குத் தெரிய வேண்டாம்.

அம்மா