பழைய லேத்தை விற்க வேண்டாம் அப்பா

கெம்னிட்ஸ்
20 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி, அம்மா இட்லிப்பொடிப் பையோடு கொடுத்தனுப்பிய கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஓரத்தில் உங்கள் கட்டைவிரல் கிரீஸ் அப்படியே பதிந்திருக்கிறது. போனில் கூப்பிட்டால் "சாப்டியா, சரி, அம்மாகிட்ட தரேன்" என்று முடித்துவிடுகிறீர்கள். அதனால் நானும் எழுதியே சொல்கிறேன். தாமதத்துக்குப் பரீட்சையைக் காரணம் காட்டலாம். ஆனால் உங்கள் கடைசி இரண்டு வரிக்கு என்ன பதில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இங்கே ஜெர்மனியில் குளிர். காலையில் மைனஸ் ஆறு. இந்தக் குளிரிலும் கீழ்வீட்டுத் தாத்தா நாளுக்கு இரண்டு தடவை எல்லா ஜன்னலையும் பத்து நிமிடம் அகலத் திறந்து வைக்கிறார், என்னையும் திறக்கச் சொல்கிறார். அடைத்தே வைத்திருந்தால் ஈரம் சேர்ந்து சுவரில் பூஞ்சை பிடிக்குமாம். நான் ரசம் வைத்த அன்று கதவைத் தட்டி, கையில் கொண்டுவந்த ஈரப்பதமானியை அடுப்படியில் வைத்து, முள் ஏறுவதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். ரசத்தைக் குடித்துப் பார்க்கச் சொன்னேன். இருமி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. மறுநாள் அவரே அந்த ஈரப்பதமானியை என் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டுப் போனார்.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கேட்டாள். நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். வாரத்தில் மூன்று நாள் ஒரு பேக்கரியில் சின்ன வேலை, நாள் கடந்த ரொட்டியைச் சும்மாவே தருகிறார்கள். அதிகாலை மூன்றரைக்கே எழுந்துவிடுகிறேன் என்றால் அவள் நம்ப மாட்டாள். காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடை மெஷினில் போட்டால் ஒன்றுக்கு 25 சென்ட் வருகிறது. எட்டு பாட்டில் சேர்த்தால் ஒரு கிலோ அரிசி. கத்திரிக்காய் மட்டும்தான் சகிக்கவில்லை. ஒவ்வொன்றும் அரைக்கிலோ, உள்ளே வெறும் தண்ணீர். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைக் காம்போடு நாலாகக் கீறி, மல்லாட்டை வறுத்து அரைத்துப் போட்டு அம்மா செய்வாளே... சரி, அதை எழுதினால் இன்று படிப்பு ஓடாது.

படிப்பு போய்க்கொண்டிருக்கிறது. மெக்கானிக்ஸில் ஒரு பேப்பரை பிப்ரவரியில் திரும்ப எழுத வேண்டும், இங்கே பாதிப் பேர் அப்படித்தான். ஒரு பொருளைத் தாங்கிக்கொண்டிருப்பதை எல்லாம் வெட்டிவிட்டுத் தனியாக வரைந்து, தாங்கல் இருந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு விசையைப் போட வேண்டும். நான் ஒரு தாங்கலை மறந்துவிட்டேன், அவ்வளவுதான். மெட்டீரியல் பாடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நம் தாத்தா உளியைக் காய்ச்சி, காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து, ஒட்டாவிட்டால் தண்ணீரில் தோய்ப்பாரே, ஏன் என்று இப்போதுதான் புரிந்தது. இரும்பு 769 டிகிரியில் காந்தத்துக்கு மசியாமல் போகிறது. உளி எஃகு உள்ளுக்குள் மாறத் தொடங்குவது 723-இல். ஆக, காந்தம் விட்டுவிட்டால் சூடு போதும் என்று அர்த்தம். வகுப்பில் இதைச் சொன்னேன், புரொஃபசர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

படிப்புக்கு முன்னால் பட்டறைப் பயிற்சியில் இரும்புத் துண்டை ராவச் சொன்னார்கள் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார்கள், கோடு போல வெளிச்சம் தெரிந்தால் மறுபடி ராவ வேண்டும். எனக்கு இரண்டாவது முறையே சரியாக வந்துவிட்டது. எங்கே கற்றாய் என்று கேட்டார்கள். ராணிப்பேட்டை என்றேன்.

சித்தப்பாவிடம் சொல்லுங்கள், இந்த ஊருக்கு 1953-இலிருந்து 1990 வரை கார்ல் மார்க்ஸ் பெயர்தான். இன்னமும் நடு ஊரில் அவருடைய சிலை இருக்கிறது, ஆனால் தலை மட்டும், ஏழு மீட்டர் உயரத்துக்கு. இந்த வருடம் ஊருக்கு ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகர் பட்டம். சனிக்கிழமை தொடக்க விழா. இங்கேயே செய்த பழைய ரயில் எஞ்சினை ஆட்களே சேர்ந்து தெருவில் இழுத்துப் போனார்கள். எனக்கு வள்ளிமலைத் தேர்தான் ஞாபகம் வந்தது. பக்கத்தில் திரும்பி "ஆயா, மிதிபடப் போற, தள்ளி நில்லு" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். பொங்கலன்று வீடியோவில் நீங்கள் எருது விடும் திருவிழாவைக் காட்டியபோது சிக்னல் போய்விட்டது என்றேனே, சிக்னல் போகவில்லை அப்பா. நான்தான் நிறுத்தினேன்.

இப்போது அந்த இரண்டு வரி. என் விசாவுக்கு, ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோ இருப்பதாகத் திரும்பக் காட்ட வேண்டும் என்பதற்காக நம் பட்டறையின் பழைய லேத்தை விற்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அதை விற்று வருவது எனக்கு இரண்டு மாதத்துக்குக் கூடக் காணாது. அப்புறம் டேனரி டிரம் ஷாஃப்ட் வந்தால் எதில் கடைவீர்கள்? வேலை ஒப்பந்தத்தைக் காட்டினால் அந்தத் தொகையில் கொஞ்சம் கழியும், மீதிக்கு நான் வழி பார்க்கிறேன். அம்மா நகையையும் மீண்டும் வைக்க வேண்டாம், முதலில் வைத்ததை மீட்கப் பாருங்கள். ஆயாவின் கண் ஆபரேஷனை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், மாசிக்கு முன்னால் ஷெல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுங்கள். அணைக்கட்டு நிலத்துக்கு வழி விடுவது பற்றிப் பெரியப்பாவிடம் நீங்கள் பேச வேண்டாம், அக்கா பேசட்டும். அவளிடம்தான் அவர் கத்த மாட்டார்.

கீழ்வீட்டுத் தாத்தா நாற்பது வருடம் லேத் ஓட்டியவராம். நம் லேத்தின் போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு போனை மூக்கருகில் வைத்துப் பார்த்தார். "ஓடுதா?" என்றார். ஓடுகிறது, புரி வெட்டும்போது மட்டும், லீட் ஸ்க்ரூ என்கிற நீளத் திருகைக் கவ்வி உளியை நகர்த்துகிற ஹாஃப் நட் வழுக்குகிறது என்றேன். அவர் வேலை பார்த்த ஆலை, ஜெர்மனி ஒன்றான பிறகு மூடிப்போயிற்று. அவருடைய மெஷின் எடைக்குப் போனது. ஹாஃப் நட்டுக்காக யாராவது லேத்தை விற்பார்களா என்று என்னைத் திட்டினார்.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். லீட் ஸ்க்ரூவின் வெளி விட்டம், அங்குலத்துக்கு எத்தனை புரி, ஹாஃப் நட்டின் நீளம், மூன்றையும் அளந்து அனுப்புங்கள். நான் டிராயிங் போடுகிறேன், கீழ்வீட்டுத் தாத்தா பார்த்துத் திருத்தித் தருவார், நீங்கள் கன்மெட்டலில் கடைந்துகொள்ளலாம். சக் பக்கம் ஸ்க்ரூ தேய்ந்திருக்கும், எதிர்முனையில் டெயில்ஸ்டாக் பக்கமாக அளக்கவும். விட்டத்தை மட்டும் நூல் கணக்கில் சொல்லாமல் மில்லிமீட்டரில் சொல்லுங்கள். செல்வம் அண்ணனிடம் விடாதீர்கள், அவர் வெர்னியரைச் சாய்த்துப் பிடிப்பார்.

உங்கள் மகன்,
குமரன்