அறுவடை வண்டி ஓட்டிவந்த அண்ணனுக்கு

அண்ணே, மன்னார்குடிப் பக்கம் குறுவை அறுப்புக்கு வண்டியோடு வந்தீர்களே, உங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

சம்பாவுக்குச் சேற்றுழவு ஓட வேண்டிய நேரம் அது. எங்கள் பழைய டிராக்டரின் பின் அச்சில் ஆயில் ஒழுகி பிரேக் வரை நனைந்து கிடந்தது. பட்டறையில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீலை மாற்றியும் நிற்கவில்லை. அப்பா சோர்ந்துபோய் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வயலில் வேலை முடித்த கையோடு, யாரும் கூப்பிடாமலே வந்தீர்கள்.

சீலைத் தொடும் முன்பே, அச்சுக்குள் இருக்கும் காற்று வெளியேறும் மூடியான பிரீதரைக் கழற்றிக் காட்டினீர்கள். உள்ளே முழுக்க இறுகிய சேறு. சூடேறும்போது காற்று வெளியேற வழியில்லாமல், அழுத்தம் ஆயிலைச் சீல் வழியே தள்ளுகிறது என்றீர்கள். அப்புறம் அச்சுத் தண்டில் பழைய சீல் தேய்த்திருந்த பள்ளத்தை என் நகத்தாலேயே தடவிப் பார்க்கச் சொன்னீர்கள். புதுச் சீலின் உதடு அந்தப் பள்ளத்தில் விழாமல் அரை நூல் அளவு மட்டும் தள்ளி உட்கார வைத்தீர்கள். டீசல் லைனில் கசிந்த செம்பு வாஷரை எங்கள் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு, இளகவைத்து மாட்டினீர்கள். எவ்வளவு பொறுமை!

காசு நீட்டியபோது கையைத் தட்டிவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள். இப்போது ஒரு சொட்டுகூட இல்லை, உழவும் முடிந்தது.

உங்கள் ஊர் சேலம் பக்கம் என்று பேச்சில் வந்தது. இந்த அண்ணனைத் தெரிந்தவர்கள் இந்தப் பதிவை அவரிடம் காட்டுங்கள். தை அறுப்புக்கு வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, அண்ணே.