கமபகணம என்று ஓர் ஊர் இல்லை

இணையப் படிவங்களும் செயலிகளும் எழுதும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு,

வணக்கம். நான் கும்பகோணத்தில் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், கடை அட்டை என்று நாளெல்லாம் பிறருடைய பெயரையும் முகவரியையும் மெய்ப்புப் பார்ப்பதுதான் என் தொழில். அந்த உரிமையில் உங்களிடம் ஒரு முறையீடு.

சுவாமிமலைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா அட்டை அடிக்க வந்தார். மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கருப்புக் கவுனி விற்கிறவர். கடையின் பெயரைத் தமிழிலேயே பதிந்து, '.இந்தியா' என்று முடியும் இணைய முகவரி வாங்கியிருந்தார். அதைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லி 500 அட்டை அடித்துக்கொண்டு போனார். பத்தே நாளில் திரும்பி வந்தார். விற்பனையாளராகப் பதிவு செய்ய ஏதோ ஒரு படிவத்தை நிரப்பியிருக்கிறார். இணைய முகவரிப் பெட்டியின் கீழே சிவப்பில் 'சரியான முகவரியை உள்ளிடவும்' என்று வந்திருக்கிறது. தமிழ் முகவரியைத் தள்ளிய அந்த வாசகம் தமிழில் இருந்தது. "எங்கே எழுத்துப்பிழை விட்டிருக்கிறேன், பாருங்கள் அண்ணே" என்று கைபேசியை நீட்டினார். எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. ஊர்ப் பெட்டியில் அவர் கும்பகோணம் என்று எழுதியிருக்கிறார். படிவம் 'கமபகணம' என்று சேமித்து வைத்திருந்தது.

உங்களைப்போல் நிரல் எழுதும் என் அண்ணன் மகளிடம் காட்டினேன். பார்த்த உடனே காரணம் சொன்னாள். எழுத்துகளை மட்டும் ஏற்கும்படி வடிகட்டி வைத்திருக்கிறார்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் தரும் யுனிகோடு அட்டவணையில் க, ம, ப ஆகியவை எழுத்து என்ற வகை. கொம்பு, கால், சுழி, மெய்ப்புள்ளி எல்லாம் குறி என்ற வேறு வகை. எழுத்துக்கு வழிவிட்டவர் குறிக்கு வழிவிட மறந்துவிட்டார். அதனால் உகரமும் ஓகாரமும் புள்ளியும் உதிர்ந்துவிட்டன. முகவரிப் பெட்டியின் கதை இன்னும் எளியது. கடைசிப் புள்ளிக்குப் பின் ஆங்கில எழுத்துகள்தான் வரும் என்று யாரோ எப்போதோ எழுதிய ஒரு வரியை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று புள்ளியில்லாமல் எழுதினார்கள்; படித்தவர் இடம் பார்த்து நிரப்பிக்கொண்டார். நிரலுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. என் அப்பா ஈய எழுத்துக் கோத்த நாளில், தேய்ந்த எழுத்தில் புள்ளி விழவில்லை என்றால் அச்சை நிறுத்திவிட்டு அந்த ஓர் எழுத்தை இடுக்கியால் எடுத்து மாற்றுவார். தாள் வீணாகும், நேரம் போகும். ஆனாலும் மாற்றுவார்.

இணையம் இன்னும் தமிழுக்குத் தயாராகவில்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். முகவரி என்றால் 26 ஆங்கில எழுத்து, பத்து எண், ஒரு இணைப்புக்கோடு என்று இருந்த காலம் உண்டு. பிற எழுத்துகளையும் ஏற்கலாம் என்று மார்ட்டின் டூர்ஸ்ட் என்ற கணினி அறிஞர் 1996-இல் முன்மொழிந்தார். 1998-இல் அதைச் செய்துகாட்டும் ஆய்வு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டான் டின் வீ தலைமையில் நடந்தது. அதைத் தொடர்ந்து எடுத்துச் சென்ற குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் சுப்பையா. அதே ஊரில்தான் நா. கோவிந்தசாமி கணினித் தமிழுக்காக உழைத்துக்கொண்டிருந்தார். எங்கோ யாரோ செய்து நமக்குத் தானமாகக் கொடுத்த வேலை இல்லை இது. தொடக்கத்திலேயே நம்மவர் கை பட்டிருக்கிறது.

2003-இல் பியூனிகோடு என்ற மாற்றுமுறை நெறியாக வெளியானது. நாம் 'இந்தியா' என்று எழுதினால், கணினி அதைப் பழைய ஆங்கில எழுத்தும் எண்ணும் இணைப்புக்கோடும் கலந்த 17 குறிகளாக மாற்றித் தேடிக்கொள்ளும். முகவரியைத் தேடித்தரும் பழைய பெயர் வழங்கிக் கணினிகள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. நம் கண்ணுக்குத் தமிழ்தான் தெரியும். 2007 அக்டோபரில், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 11 மொழிகளில் சோதனை முகவரி வைத்தபோது தமிழில் வைத்தது 'உதாரணம்.பரிட்சை'. நெடிலாக வேண்டிய 'ரீ' குறிலாகிவிட்டதே என்று மெய்ப்புப் பார்ப்பவனுக்கு உறுத்துகிறது. ஆனாலும் அந்தப் பதினொன்றில் இந்திய மொழிகள் இந்தியும் தமிழும் மட்டுமே. பின்பு 2010-இல் '.இலங்கை' வந்தது, அடுத்த ஆண்டு '.சிங்கப்பூர்', '.இந்தியா'. தமிழ் மின்னஞ்சல் முகவரிக்கான நெறியும் 2012-இலேயே வந்துவிட்டது.

ஒரேமாதிரி தெரியும் எழுத்தால் ஏமாற்று நடக்குமே என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஸ்ரீரங்கத்தின் முதலெழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை 'ஸ' கொண்டும் கட்டலாம், 2005-இல் யுனிகோடில் சேர்ந்த 'ஶ' கொண்டும் கட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், கணினிக்கு வேறு வேறு. இந்தச் சிக்கலை அறிஞர்கள் உட்கார்ந்து அலசி, இவை ஒன்றுக்கொன்று மாற்றுருவம் என்று குறித்தே, மேல்நிலைப் பெயர்களுக்கான (அதாவது '.இந்தியா' போலக் கடைசிப் புள்ளிக்குப் பின் வருபவற்றுக்கான) தமிழ் விதிகளை 2019-இல் சேர்த்திருக்கிறார்கள். ஆபத்தைக் கவனிக்க வேண்டிய இடத்தில் கவனித்திருக்கிறார்கள். அரிசிக்கடை அம்மாவின் படிவத்தை மூடுவதற்கு அது காரணமாகாது.

நான் கேட்பது அரை நாள் வேலை. எழுத்தை ஏற்கும் இடத்தில் குறியையும் ஏற்கச் சொல்லுங்கள். முகவரியைப் பியூனிகோடுக்கு மாற்றிய பிறகு சரிபாருங்கள். உங்கள் சோதனைப் பட்டியலில் கும்பகோணம், ஸ்ரீரங்கம், திருவையாறு, '.இந்தியா' என்று முடியும் ஒரு முகவரி ஆகியவற்றைச் சேர்த்து, போட்டது போட்டபடியே திரும்பி வருகிறதா என்று பார்த்துவிட்டு வெளியிடுங்கள். உங்களில் எத்தனையோ பேர் இந்த டெல்டா மண்ணில் பிறந்து, பள்ளியில் இதே ஊர்ப் பெயர்களைப் பிழையில்லாமல் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள். உங்களிடம் கேட்காமல் யாரிடம் கேட்பேன்?

அந்த அம்மாவுக்கு ஆங்கில முகவரி போட்டு வேறு அட்டை அடித்துக் கொடுத்தேன். கூலி வாங்க மனம் வரவில்லை. அவர்தான் வற்புறுத்திக் கொடுத்துவிட்டுப் போனார். தை அறுவடை முடிந்ததும் மறுபடி அட்டைக்கு வருவார். முதலில் அடித்த தமிழ் முகவரிக் கோப்பை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கும்பகோணத்து அச்சகக்காரன்