140 கிலோ

மக்கா,

நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி போட்டியில் துடுப்பு வலிக்க மாட்டேன். உனக்குத்தான் முதலில் சொல்ல நினைத்தேன். மூன்று முறை போனை எடுத்து, உன் பெயரைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். தனியாக எழுதினால் பாதியில் பொய் சொல்லிவிடுவேன் என்று பயம். நாலு பேர் பார்க்க எழுதினால் கொஞ்சமாவது நேராக வரும்.

காரணம் நீ ஊகித்ததுதான். 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக்குக்குள் வந்த நம் லைட்வெயிட் துடுப்புப் படகுப் பிரிவு 2024 பாரிஸோடு முடிந்துவிட்டது. ஒலிம்பிக்கில் இல்லாத பிரிவுக்காக முகாமில் எத்தனை நாள் சோறு போடுவார்கள்? இனி இருந்தால் தொண்ணூறு, தொண்ணூற்றைந்து கிலோ ஆட்களோடு மோத வேண்டும். இந்த வயதில் அதற்கு உடம்பு ஏற்ற முடியாது.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வரி. லைட்வெயிட் இரட்டையர் படகில் ஆண்களின் சராசரி எடை 70 கிலோவைத் தாண்டக் கூடாது. தனி ஆள் 72.5 வரை போகலாம். அதாவது இருவருக்கும் சேர்த்து 140. ஒருவன் கூடினால் மற்றவன் குறைய வேண்டும். என்னுடைய எல்லாக் கதையும் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

அந்த டிசம்பர் காலை உனக்கு நினைவிருக்கும். புனே குளிர். பந்தயத்துக்கு முன் இரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரைதான் தராசு திறந்திருக்கும். நீ ஏறினாய், 68.5. நான் ஏறினேன், 72.1. அறுநூறு கிராம் அதிகம். நீ என்னைத் திரும்பிப் பார்த்து ஒரே கேள்வி கேட்டாய்: “ராத்திரி என்ன தின்றாய்?”

“கஞ்சிதான்” என்றேன்.

மக்கா, கஞ்சி இல்லை. உன் அம்மா, பந்தயம் முடிந்த பிறகு இருவரும் பங்கிட்டுத் தின்னச் சொல்லி என் பையில் வைத்துவிட்ட ஏத்தங்காய் வற்றல் (நேந்திரங்காய் சிப்ஸ்). ரயிலில் எலி இழுத்துப்போனது என்று நான் சொன்னேனே, அந்தப் பொட்டலம்தான். ராத்திரி பதினொரு மணிக்குப் போர்வைக்குள், கடித்தால் சத்தம் கேட்கும் என்று ஒவ்வொன்றாக வாயில் ஊறவைத்துத் தின்றேன். பதினைந்து நாள் அரைவயிறு. உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்தேதான் தின்றேன். கடைசியில் பொட்டலத்தின் மூலையில் கிடந்த தூளையும் விரலால் தொட்டு நக்கினேன்.

நீ இரண்டு ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாய். நானும் வருகிறேன் என்றேன். “நீ உட்கார், ஒருவனுக்காவது கால் மிஞ்ச வேண்டும்” என்றாய். உட்கார்ந்தேன். இதை நான் பல வருடம் எனக்குச் சாதகமாக வைத்துக்கொண்டிருந்தேன்: அவன்தானே உட்காரச் சொன்னான்! நாற்பது நிமிடம் கழித்து வந்து, கிண்ணத்தில் எச்சில் துப்பிக்கொண்டே தராசில் ஏறினாய். 67.9. சரியாக 140. அதிகாரி தலையாட்டியதும் என் தோளில் தட்டினாய்.

படகில் நீ ஸ்ட்ரோக், வலிப்பின் வேகத்தை வைக்கிறவன்; நான் உன் முதுகுக்குப் பின்னால். உன் முகத்தைவிட முதுகுதான் எனக்குப் பழக்கம். ஆயிரம் மீட்டர் தாண்டினால் உன் பனியன் தோலோடு ஒட்டி, தண்டுவடம் வரிசையாகத் தெரியும். அன்று 1,500-இல் பார்த்தேன், பனியன் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. வியர்ப்பதற்கு உன்னிடம் தண்ணீரே இல்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் “வலி! வலி!” என்று உன் பிடரியில் கத்தினேன். பக்கத்துத் தடத்துப் படகு நம் கண்ணிலிருந்து மெல்ல நழுவி முதுகுப் பக்கம் போனது. பின்னோக்கி உட்கார்ந்து போகிற விளையாட்டில் அதற்கு அர்த்தம் நமக்குத் தெரியும். நான்காவது.

அடுத்த வாரம் எர்கோமீட்டர் சோதனையில், அதாவது தரையில் துடுப்பு வலிக்கும் எந்திரத்தில், உன் உடம்பு எழும்பவில்லை. என்னை எடுத்தார்கள், உன்னை விட்டார்கள். அந்தத் தேர்வில் நடந்த மற்றதை இங்கே எழுத மாட்டேன். எனக்கு இன்னும் கணக்கு முடித்துக் கையில் பணம் வரவில்லை.

ஆனால் நீயும் லேசுப்பட்டவன் இல்லை. அடுத்த வருடம் கூப்பிட்டார்கள், நீ போகவில்லை. அதை ஊரில் யாரிடமாவது சொன்னாயா? திருவிழா அன்று கோயில் முற்றத்தில் அத்தனை பேர் நடுவில், “இவனைச் சுமந்தே என் முதுகு ஒடிந்தது” என்றாய். எல்லாரும் சிரித்தார்கள், என் மாமனார் உட்பட. நானும் சிரித்தேன். அதன் பிறகு எந்தப் பதக்கத்தோடு வந்தாலும் நம் ஊர் முட்டத்தில் அது பாதி உன்னுடையதாகத்தான் இருந்தது. விடியற்காலை நாலரைக்கு எழுந்தது நான். உள்ளங்கைத் தோல் உரிந்து உரிந்து காய்த்தது என் கை. ஒரு பொட்டலம் வற்றலைக் காட்டி ஒன்பது வருடத்தை எழுதி வாங்க முடியாது. என் கல்யாணத்துக்கும் நீ வரவில்லை. கடலுக்குப் போயிருந்தானாம்! ஞாயிற்றுக்கிழமையில் யார் கடலுக்குப் போகிறார்கள்? (இதை உன் மனைவி வாசிப்பார். மதினி, உங்கள் மேல் வருத்தம் இல்லை.)

டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் பிரிவில் அர்ஜுன் லால் ஜாட்டும் அரவிந்த் சிங்கும் 11-ஆவது வந்த அன்று நீ ஒரு வரி அனுப்பினாய்: “அங்கே நாம் இருந்திருக்கலாம்.” நாம் என்று எழுதியிருந்தாய். மூன்று நாள் அதைத் திறந்து திறந்து பார்த்தேன். பதில் போடவில்லை.

படகில் முதல் நாள் நாம் கவிழ்ந்தது நினைவிருக்கிறதா? கடியப்பட்டணத்தில் அலை தாண்டிக் கட்டுமரம் தள்ளியவர்கள் என்ற திமிர். கட்டுமரத்தில் போகிற திசையைப் பார்த்து வலிப்போம்; இங்கே போகிற இடத்துக்கு முதுகு. இரண்டே வலிப்பில் தண்ணீருக்குள் கிடந்தோம். நாசிக் பக்கம் வறண்ட ஊரில் கிணறு வெட்டிக்கொண்டிருந்த தத்து போகனல் ரியோ ஒலிம்பிக்கில் தனிப் படகு வலித்து 13-ஆவது வந்தார். கடலில் பிறந்த நாம் நீந்திக் கரையேறினோம். நீ மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுக ஒழுகச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் பிறகு கேட்கவே இல்லை.

இன்னொரு சேதி, இதற்குச் சிரிப்பாய். நம் பிரிவை எடுத்துவிட்டு 2028 லாஸ் ஏஞ்சலஸில் எதைச் சேர்த்திருக்கிறார்கள் தெரியுமா? மணலில் ஓடி, படகில் தாவி, கடலில் 250 மீட்டர் மிதவைகளைச் சுற்றி வளைந்து போய்த் திரும்பி, மறுபடி மணலில் ஓட வேண்டும். எடைத் தராசு கிடையாது. பத்து வயதில் நாம் சம்பளம் இல்லாமல் செய்த வேலை! இப்போது நீ அவுட்போர்டு எஞ்சினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், எனக்கு முட்டி சொடுக்குகிறது.

சனிக்கிழமை நாகர்கோவிலில் இறங்குகிறேன். நேரே உங்கள் வீட்டுக்குத்தான் வருவேன். அந்த எலியைப் பற்றி உன் அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திவிடாதே.