ரசீது இல்லாத கடன்

அயலகத் தமிழர் நல வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். சிவகங்கை மாவட்டத்தின் ஒரு மானாவாரிக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். 2017 முதல் 2021 வரை கத்தாரில் கம்பி கட்டும் வேலை பார்த்தேன். 2022 உலகக்கோப்பைக் கால்பந்தைக் காண வருகிறவர்கள் தங்குவதற்காக லுசைல் நகரில் எழுந்த ஓட்டல் ஒன்றில், அடித்தளம் தொடங்கி மொட்டை மாடி வரை நான் முடுக்கிய கம்பிகள் இருக்கின்றன.

சென்னையிலிருந்து தோகாவுக்கு விமானத்தில் நாலரை மணி நேரம். எங்கள் பயணமோ அதற்கு ஐந்து மாதம் முன்பே, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் தொடங்கிவிட்டது. ஏஜென்ட் கேட்டது 95,000 ரூபாய். பாஸ்போர்ட்டோடு 20,000; விசா வந்ததும் மீதி. மனைவியின் நகை பாதிக்கு ஆனது. மற்றதை நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினேன். கொடுத்த பணத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட வரவில்லை. கேட்டபோது, "நம்பிக்கை இல்லை என்றால் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போகலாம்" என்றார். அவருடைய பெயர் அரசிடம் பதிவு பெற்ற முகவர் பட்டியலில் இல்லை என்பதும், பதிவு பெற்றவரேகூட 30,000 ரூபாய்க்கும் அதற்கான வரிக்கும் மேல் வாங்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரிய வந்தபோது நான் தோகாவில் இருந்தேன்.

ஊரில் சொன்ன சம்பளம் 1,400 ரியால். அங்கே இறங்கியதும் நீட்டிய தாளில் 900. கையெழுத்துப் போட விருப்பமில்லை என்றால் திரும்பிப் போகலாம் என்றார்கள். வட்டிக்கு வாங்கியவன் எந்த முகத்தோடு திரும்புவான்? போட்டேன். அந்தக் கடன் அடைய 17 மாதங்கள் ஆயின.

அந்த 17 மாதங்களைப் பற்றித்தான் இந்த மடல். கத்தாரில் நல்ல சட்டங்கள் வந்தன, மறுக்கவில்லை. பெரும்பாலான தொழிலாளர்கள் நாட்டைவிட்டு வெளியேற முதலாளியின் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி 2018-இல் போனது. கம்பெனி மாறத் தடையில்லாச் சான்று தேவையில்லை என்று 2020-இல் சட்டம் வந்தது. 2021 மார்ச்சில் குறைந்தபட்ச ஊதியம் 1,000 ரியால் ஆனது. ஆனால் மாதம் பிறந்தால் ஊரில் வட்டிக்காரர் வாசலில் நிற்பார் என்று தெரிந்தவன் எந்தச் சட்டத்தையும் வாயில் எடுக்க மாட்டான். ஓவர்டைம் கணக்கு குறைந்தால் கேட்க மாட்டான். காய்ச்சல் என்றால் படுக்க மாட்டான். எங்கள் அறையில் எட்டுப் பேர். யார் கடன் முடிந்தவர், யார் முடியாதவர் என்பதைப் போர்மேன் முன்னால் அவர் நிற்கும் விதத்திலேயே சொல்லிவிடலாம்.

என் பெரியப்பா மகன் எனக்கு ஒரு வருடம் முன்பே அதே ஏஜென்ட்டிடம் பணம் கட்டிப் போனவர். அண்ணனுக்கு வேலை அல் கோரில், கூடார வடிவில் கட்டிய அல் பைத் விளையாட்டரங்கில். 2022 நவம்பர் 20 அன்று கத்தாரும் ஈக்வடாரும் ஆடிய தொடக்க ஆட்டம் நடந்தது அங்கேதான். வெள்ளிக்கிழமைகளில் இருவரும் தோகாவின் தொழிற்பேட்டைப் பகுதியான சனையாவில் ஒரு தமிழ் மெஸ்ஸில் சந்திப்போம். 2019-இல் ஒரு வெள்ளிக்கிழமை அவர் தன் சம்பளச் சீட்டை என்னிடம் நீட்டினார். அடிப்படை, சாப்பாடு, ஓவர்டைம், அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி. ஊரில் ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணத்தைக் கம்பெனியே மாதத் தவணையில் திருப்பித் தருகிறது என்றார். நான் நம்பவில்லை. "ரசீது கேட்கவில்லையா?" என்றேன். கேட்கவில்லை என்றார்.

அது உண்மைதான். உலகக்கோப்பையை நடத்திய கத்தாரின் உச்சக் குழு தன் ஒப்பந்ததாரர்களிடம் அப்படி ஓர் ஏற்பாட்டை ஒப்புக்கொள்ள வைத்திருந்தது. தொழிலாளியிடம் ரசீது இருக்காது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. பணம் கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டிய பாரம் தொழிலாளியின் தலையில் விழவில்லை. அதற்காக அந்தக் குழுவைப் பாராட்டவே செய்கிறேன். ஆனால் பெரும்பாலும் அரங்கங்களையும் பயிற்சித் திடல்களையும் சார்ந்த வேலைகளில் இருந்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது. ஓட்டலும் சாலையும் மெட்ரோவும் கட்டிய பெருங்கூட்டம் வெளியே நின்றது. ஒரே ஊர், ஒரே ஏஜென்ட், ஒரே உலகக்கோப்பை. அண்ணனுக்குப் பணம் திரும்பியது, எனக்குத் திரும்பவில்லை.

உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா தரும் என்றும் எதிர்பார்த்தோம். பரிசுத் தொகைக்குச் சமமாக 44 கோடி டாலரைத் தொழிலாளர்களுக்கு ஒதுக்குங்கள் என்று 2022 மே மாதம் மனித உரிமை அமைப்புகள் கேட்டன. ஒதுக்கவில்லை. பிறகு 2024-இல் அறிவித்த 5 கோடி டாலர் நிதியும் எங்களைப் போன்றவர்களுக்கு வரவில்லை. (இறந்து பெட்டியில் வந்தவர்களைப் பற்றி இங்கே எழுதவில்லை. அதற்குத் தனி மடல் வேண்டும்.)

2024 டிசம்பர் 11 அன்று 2034 உலகக்கோப்பை சவூதி அரேபியாவுக்குக் கிடைத்தது. 48 அணிகள், 104 ஆட்டங்கள், ஐந்து நகரங்களில் 15 அரங்கங்கள். கத்தாரில் எட்டு அரங்கங்கள்தாம். எத்தனை ஜெராக்ஸ் கடைகளின் பின்னறைகள் நிரம்பும் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாகக் கணக்கிட முடியும்.

குடியேற்றம் மத்திய அரசின் அதிகாரம், முகவர் உரிமம் தருவது டெல்லி என்று சொல்வீர்கள். சரிதான். ஆனால் பணம் கை மாறுவது டெல்லியில் இல்லை, நம் தாலுகாவில். ஏமாற்றியவர் மீது வழக்குப் பதிய வேண்டியது நம் மாவட்டக் காவல் துறை. வெளிநாட்டு வேலைக்குப் போகுமுன் அரசிடம் வாங்க வேண்டிய குடியேற்ற அனுமதி பத்தாம் வகுப்பு தேறியவருக்குத் தேவையில்லை என்பதால், அவருடைய ஒப்பந்தத்தை எந்த அரசு அலுவலகமும் பார்ப்பதில்லை. கட்டாயக் காப்பீடும் அவருக்கு இல்லை. இன்று போகிற இளைஞர்களில் பலர் ஐடிஐ படித்தவர்கள். படித்ததாலேயே அவர்கள் அரசின் கண்ணில் படாமல் போய்விடுகிறார்கள்.

ஆகவே நான் கேட்பது ஒரு பதிவேடு. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர் யாரிடம், எப்போது, எவ்வளவு கொடுத்தார், என்ன சம்பளம் சொன்னார்கள் என்பதைப் புறப்படும் முன்பே தன் வாக்குமூலமாகத் தமிழில் எழுதிக் கையெழுத்திட, ஒவ்வொரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் ஒரு மேசை போடுங்கள். அதன் நகலில் உங்கள் முத்திரை இருக்கட்டும். ஏஜென்ட் தராத ரசீதை நம் அரசு தரட்டும். போகிறவரின் பயணம் கெடாதபடி, அவர் கேட்கும் வரை அது ரகசியமாக இருக்க வேண்டும். இதைச் சொல்லக் காரணம் உண்டு: நானே அன்று பயந்துதான் வாயை மூடிக்கொண்டு போனேன்.

அந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் வழியாகச் சவூதி ஏற்பாட்டாளர்களிடமும் ஃபிஃபாவிடமும் கேளுங்கள்: ரசீது இல்லாமல் திருப்பித் தரும் ஏற்பாடு முதல் நாளிலிருந்தே வேண்டும், அரங்கத்துக்கு மட்டுமின்றி அந்தப் போட்டிக்காக எழும் ஒவ்வொரு ஓட்டலுக்கும் சாலைக்கும் வேண்டும். ஒருமுறை நடந்த காரியத்தைத்தான் கேட்கிறோம், நடக்காததை இல்லை.

முதல் வாக்குமூலத்தை என்னுடையதாக எழுதிக்கொள்ளுங்கள். 95,000 ரூபாய், ஜெராக்ஸ் கடை, இரண்டு தவணை. எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன்.

அண்ணன் மகன் இந்த ஆண்டு ஐடிஐயில் வெல்டர் படிப்பை முடித்தான். ரியாத் வேலை என்று 1,20,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். தை பிறந்ததும் முதல் தவணை கட்ட வேண்டுமாம். அண்ணன் நிலத்தை அடமானம் வைக்க ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
கத்தாரில் கம்பி கட்டிய ஒரு தொழிலாளி