புகைக்கூட்டைப் பார்க்க ஆள் கூப்பிடு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் இருமல் அப்படியேதான். நுவரெலியாப் பக்கம் விடியக்காலையில் புல்லெல்லாம் உறைபனி, தேயிலைக் கொழுந்து கருகிவிட்டது.

இங்கிலாந்திலிருந்து நீ அனுப்பிய படம் வந்தது. என் காலமெல்லாம் தோட்டத்துத் தொரை பங்களாவில் பயர்பிளேஸ் மூட்டினேன், என் மகளுக்குச் சொந்த வீட்டிலேயே ஒன்று. லயத்தில் எல்லோருக்கும் காட்டினேன். உன் சித்தப்பாகூட வாயைத் திறக்கவில்லை.

ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் பாப்பா. நெருப்புக்கு மேலே முகப்புக் கல்லில் கறுப்பு படிந்திருக்கிறது. புகை மேலே இழுபடாமல் அறைக்குள் திரும்பினால்தான் அப்படிப் படியும். வீடு வாங்கும்போது புகைக்கூட்டை யாராவது பார்த்தார்களா? நீ சொல்லவில்லை. நீ இப்போது எதைத்தான் சொல்கிறாய்?

பங்களாவில் குளிர் தொடங்க முன்னமே கித்துல் நார் பிரஷ்ஷை நீளக் கம்பில் கட்டி உள்ளே விடுவோம். பிறகு பழைய பத்திரிகையைக் கொளுத்திப் புகைக்கூட்டின் அடிவாயில் பிடித்துப் பார்ப்போம். புகை திரும்பினால் அன்றைக்கு நெருப்பு கிடையாது, தொரை கத்தினாலும் கிடையாது. அங்கே அதற்கென்றே படித்த ஆட்கள் இருக்கிறார்களாம், பெரியவன் மகன் போனில் தேடி வாசித்துக் காட்டினான். கமெராவை மேலே அனுப்பி உள்சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். வெடிப்பிருந்தால் புகை மாடி அறைக்குள் கசியும். புகை விட்டும் சோதிப்பார்கள். வசந்தத்தில் ஒரு சாதிக் காகம் உள்ளே குச்சி போட்டுக் கூடு கட்டுமாம், அதையும் பார்க்கச் சொல். விறகு எரிக்கிற வீட்டுக்கு வருடத்தில் ஒரு தடவை போதாது. குளிருக்கு முன்னும் வேண்டும், முடிந்த பின்னும் வேண்டும். சான்றிதழ் கேட்டு வாங்கு, சில இன்சூரன்ஸ்காரர் கேட்பார்கள்.

விறகு யார் கொண்டுவருகிறார்கள்? நீயா, மாப்பிள்ளையா? படத்தில் இருந்த கட்டை பச்சை விறகு மாதிரி இருந்தது. ஈர விறகின் புகை குளிர்ந்த செங்கலில் பட்டுப் பிசுபிசுவென்று கறுப்பாக ஒட்டும். பிறகு அதுவே தீப்பிடிக்கும். பிடித்தால் நானுஓயா ஏற்றத்தில் ரயில் வருகிற மாதிரி உள்ளே இரையும். இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து, ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சின்னக் கட்டாக விற்கவே முடியாதாம். அப்படிக் காய்ந்ததாகப் பார்த்து வாங்கு. இரண்டு காசு கூடப் போனால் போகட்டும்.

படத்தில் நெருப்புக்கு முன்னால் ஒரு நாற்காலிதான் இருந்தது. அறை சின்னது போலும்.

போனில் தலைவலி என்று அம்மாவிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை. சரி. அடைபட்ட புகைக்கூட்டிலிருந்து வருகிற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தலை வலிக்கும், சுற்றும், வாந்தி வரும், காய்ச்சல் மட்டும் இருக்காது. வெளியே போனால் குறையும். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் கேட்கிறேன்: வேலைக்குப் போனதும் சரியாகி, வீட்டுக்கு வந்ததும் மறுபடி வருகிறதா? அப்படியென்றால் அந்த வீட்டில் ஒரு நாளும் இருக்காதே. எந்தக் காரணமாக இருந்தாலும் இருக்காதே. இங்கே காம்பரா ஒன்று உனக்கு எப்போதும் இருக்கிறது.

அந்த வாயுவுக்கு அலாரம் விற்கிறார்கள், இன்றைக்கே வாங்கி மாட்டு. புகைக்கூட்டைப் பார்க்கும்வரை நெருப்பு மூட்டாதே. குளிர்ந்தால் கம்பளி போடு. புகைக்கூட்டை முதலில் பார், மறந்துவிடாதே.

ஆள் வருகிற அன்றைக்கு மாப்பிள்ளையைக் கூட இருக்கச் சொல். அவர் இருக்க முடியாதென்றால் அதையும் எனக்கு எழுது. அப்பா ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அப்பா