ஸ்ட்ராபெர்ரிக்கு வேப்பெண்ணெய் அடிக்கிறதுக்கு முன்னாடி இலையை திருப்பி பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல வீட்டுத்தோட்டம் பகுதில, ஸ்ட்ராபெர்ரில பூச்சி வந்தா வேப்பெண்ணெய் அடிங்க போதும்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க. இங்க கோத்தகிரில பாதி பேர் அப்படித்தான் என்ன பூச்சின்னே பாக்காம பட்டப்பகல்ல அடிச்சு விட்டுட்டு, ஆர்கானிக் எல்லாம் வேலைக்கு ஆகாதுங்கன்னு சொல்லி கெமிக்கல் பாட்டில் பக்கம் போயிடுறாங்க. தோல் உரிக்காம அப்படியே வாயில போடுற பழம் சார் இது.

குருத்துலயும் பூக்காம்புலயும் பச்சையா கூட்டமா ஒட்டிட்டு, இலைய தொட்டா பிசுபிசுன்னு இருந்தா அது அசுவினி. கூடவே எறும்பு ஏறி எறங்கிட்டு இருக்கும், அசுவினி விடுற இனிப்பு தண்ணிக்காக அதுக்கு காவல் நிக்கிற எறும்பு, பொறிவண்டு வந்தா விரட்டி விட்டுரும். அதனால முதல்ல எறும்ப நிறுத்தணும், தொட்டி ஸ்டாண்டோட கால தண்ணி ஊத்துன கிண்ணத்துல வச்சாலே போதும், அப்புறம் ரெண்டு மூணு நாள் தண்ணிய வேகமா பீச்சி கழுவி விட்டா பெரும்பாலும் அடங்கிடும். பொறிவண்டோட புழுவ பாத்திருக்கீங்களா, கருப்பா ஆரஞ்சு புள்ளியோட குட்டி முதலை மாதிரி இருக்கும், அசுவினிய அதுதான் வயிறு முட்ட திங்குது, நம்ம ஆளுங்க பூச்சின்னு நெனச்சு அதையே நசுக்கி போட்டுடுறாங்க!

இலை மேல வெளுத்த புள்ளி, அடியில மெல்லிசா வலைன்னா அது வேற கேஸ், சிலந்திப்பேன். டீ தோட்டத்துல சொல்ற சிவப்பு சிலந்திக்கு சொந்தக்காரன். வெயில் காஞ்சு மண்ணும் காயுற மாசத்துலதான் பெருகும், இலையோட மேல்பக்கம் என்ன அடிச்சாலும் புண்ணியமில்ல, அடிப்பக்கம் நனையணும். கந்தகம் கேக்கும்தான், ஆனா எண்ணெய் அடிச்ச ரெண்டு வாரத்துக்குள்ள கந்தகம் அடிச்சா இலை கருகிடும்.

வேப்பெண்ணெய்லயும் விஷயம் இருக்கு. கடைல விக்கிற வேம்பு மருந்துல 1500 பிபிஎம் இருக்கு, 10000 பிபிஎம்மும் இருக்கு (பிபிஎம்னா பூச்சிய அடக்குற வேம்புச் சத்து பத்து லட்சத்துல எத்தனை பங்குன்னு சொல்ற அளவு), முதல்ல சொன்னது லிட்டருக்கு 3லிருந்து 5 மிலி, ரெண்டாவது 1லிருந்து 2 மிலிதான். இது தெரியாம ஒரே மூடி கணக்குல ஊத்துனா என்ன ஆகும்? வீட்லயே பண்றவங்க 50 கிராம் வேப்பங்கொட்டை பருப்ப இடிச்சு ராத்திரி ஒரு லிட்டர் தண்ணில ஊறவச்சு, காலைல வடிகட்டி கொஞ்சம் காதி சோப்பு கலந்து வச்சுட்டு அன்னைக்கு சாயங்காலம் அடிச்சுடலாம். சாயங்காலம்னு சொல்றது சும்மா இல்ல, வெயில் பட்டா வேம்போட சத்து சீக்கிரம் போயிடும், அந்த நேரத்துல தேனீயும் அடங்கியிருக்கும். பழத்து மேல இருக்கிற ஒவ்வொரு விதைக்கும் மகரந்தம் சேந்தாதான் அந்த எடம் உப்பும், தேனீ சரியா வரலைன்னா பழம் கோணலா போகும், நம்ம ஆளுங்க அதையும் பூச்சி வேலைன்னு சொல்லி இன்னொரு ரவுண்டு அடிக்கிறாங்க. (பஞ்சகவ்யா செடி வளர நல்லது, பூச்சி மருந்து இல்லைங்க.)

இங்க ஒரு கடைல ‘ஆர்கானிக் பூச்சி விரட்டி’ன்னு வித்த பாட்டில்ல உள்ள என்ன இருக்குன்னும் போடல, பதிவு எண்ணும் இல்ல. அடுத்த தடவை எழுதும்போது எந்த பூச்சிக்கு, எத்தனை பிபிஎம், எத்தனை மிலின்னு சேத்து போடுங்க, முடிஞ்சா அந்த பொறிவண்டு புழு படத்தையும் பெருசா போடுங்க.

இப்படிக்கு,
கோத்தகிரி வாசகி